கட்டி முடித்த கலெக்‌ஷன் பாக்கி இன்னும் கிரெடிட் ரிப்போர்ட்டில் நிற்கிறதா? எதை ஆட்சேபிக்கலாம், எப்படி ஆட்சேபிப்பது

கேள்வி: டெக்சஸில் 2021 மே மாதம் காலி செய்த அபார்ட்மென்ட்டின் கடைசி பில் 1,140 டாலர். அது கட்டாமல் விட்டுப்போய், 2022 தொடக்கத்தில் பாக்கி வசூலிக்கும் நிறுவனமான கலெக்‌ஷன் ஏஜென்சியிடம் போனது. 2023 மார்ச்சில் ஏஜென்சிக்கு முழுத்தொகையும் கட்டியாகிவிட்டது. இன்றும் இரண்டு பீரோக்களின் (கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனங்களின்) ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஒன்றில் பாக்கி நிற்பதாகவே காட்டுகிறது. டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போட்டால் நீங்குமா? அடுத்த வருடம் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம்.

பதில்:

பணம் கட்டிவிட்டால் அந்தக் கணக்கை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தாக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பல டிஸ்ப்யூட்கள் தோற்பது இங்கேதான். 1970-ல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட், சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ., தவறான தகவல், அரைகுறைத் தகவல், சரிபார்க்க முடியாத தகவல் ஆகிய மூன்றையும் ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை தருகிறது. "கட்டிவிட்டேன், ஆகவே எடுத்துவிடுங்கள்" என்ற கடிதம் இந்த மூன்றிலும் சேராது. ஏஜென்சி "ஆமாம், கட்டிவிட்டார், அப்படித்தான் போட்டிருக்கிறோம்" என்று பதில் அனுப்பும், பீரோ "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்தும், கதை முடிந்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் நல்ல பிடி ஒன்று இருக்கிறது. ஒரு பீரோவில் பாக்கி காட்டுகிறது என்றால் அது அப்பட்டமான பிழை. அதோடு, கலெக்‌ஷன் கணக்குகளில் ஒரு பிழை இருந்தால் பக்கத்திலேயே இன்னொன்றும் இருப்பது சகஜம். ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன் ரிப்போர்ட்டை வரிவரியாகப் படியுங்கள்.

ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் முழு ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். மூன்றையும் ஒரே நாளில் இறக்கி பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். போனில் இருக்கும் கிரெடிட் கர்மா போன்ற செயலிகள் இதற்குப் போதாது. அது இரண்டு பீரோக்களைத்தான் காட்டும், அதுவும் சுருக்கி. நமக்கு வேண்டிய தேதிகள் பல அங்கே வருவதில்லை.

இப்போது அந்தக் கணக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்? பாக்கித் தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும். நிலை "பெய்ட் கலெக்‌ஷன்" என்றோ "பெய்ட் இன் ஃபுல்" என்றோ இருக்க வேண்டும். கடன் முதலில் யாருக்குச் சேர வேண்டியது என்ற இடத்தில் அபார்ட்மென்ட் நிர்வாகத்தின் பெயர் இருக்க வேண்டும். வெறும் ஏஜென்சி பெயர் மட்டும் இருந்தால் அது அரைகுறைத் தகவல். ஆரம்பத் தொகை உங்களுக்கு வந்த பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே கடன் இரண்டு ஏஜென்சிகளின் பெயரில் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஏஜென்சியிடமிருந்து கடன் திரும்பப் பெறப்பட்டாலோ விற்கப்பட்டாலோ பழைய ஏஜென்சி தன் பதிவை அழித்தாக வேண்டும். பல சமயம் அழிப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது முதல் தவணை தவறிய தேதி, அதாவது டேட் ஆஃப் ஃபர்ஸ்ட் டெலிங்க்வன்சி. ஒரு கலெக்‌ஷன் எத்தனை வருடம் ரிப்போர்ட்டில் நிற்கலாம் என்பது இந்த ஒரு தேதியைப் பொறுத்தது. சட்டப்படி, பாக்கி விழுந்த நாளிலிருந்து 180 நாள் கழிந்ததும் ஏழு வருடக் கணக்கு தொடங்கும். நடைமுறையில் பீரோக்கள் பாக்கி விழுந்த மாதத்திலிருந்தே ஏழு வருடம் எண்ணி எடுத்துவிடுகின்றன. இந்தத் தேதி வீட்டு நிர்வாகத்துக்கு நீங்கள் பணம் கட்டத் தவறிய தேதி. ஏஜென்சியிடம் கணக்கு போன தேதிக்கும், ஏஜென்சிக்கு நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இதில் இடமே இல்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மே 2021-ல் காலி செய்தீர்கள், கடைசி பில்லுக்குக் கெடு ஜூன் 2021 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஜூன் 2028 வாக்கில் பதிவு தானாக விழ வேண்டும். ஏஜென்சி தன் கைக்குக் கணக்கு வந்த பிப்ரவரி 2022-ஐ அந்த இடத்தில் போட்டிருந்தால் 2029 வரை நீளும். நீங்கள் பணம் கட்டிய மார்ச் 2023-ஐப் போட்டிருந்தால் 2030 வரை. இதற்கு ரீ-ஏஜிங் என்று பெயர், சட்டவிரோதம். ஈக்விஃபாக்ஸ் இந்தத் தேதியை நேராகக் காட்டும். டிரான்ஸ்யூனியனில் எந்த மாதம் நீக்கப்படும் என்ற உத்தேசமும், எக்ஸ்பீரியனில் எதுவரை பதிவில் இருக்கும் என்ற வரியும் இருக்கும். அவற்றிலிருந்து ஏழு வருடம் பின்னே எண்ணிப் பாருங்கள். கணக்கு இருக்கும் பீரோக்களில் விடை பெரிதாக மாறுபட்டால் குறைந்தபட்சம் ஒன்றாவது தவறு. அந்த முரண்பாட்டையே ஆதாரமாக வைக்கலாம்.

பணம் கட்டினால் ஏழு வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்று நம்மவர்களிடையே ஒரு பயம் இருக்கிறது. அது இல்லை. வழக்குப் போடுவதற்கான காலவரம்பு தனிக் கடிகாரம். சில மாநிலங்களில் ஒரு பகுதி கட்டினாலும் அது புதிதாகத் தொடங்கக்கூடும். இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்த பயம் இது. முழுதும் கட்டி முடித்த கடனுக்கு அந்த இரண்டாவது கடிகாரம் பற்றிக் கவலையே வேண்டாம்.

மருத்துவக் கடன் என்றால் பதில் வேறு. மூன்று பீரோக்களும் 2022 ஜூலை 1 முதல், கட்டி முடித்த மருத்துவக் கலெக்‌ஷன்களை ரிப்போர்ட்டில் வைப்பதில்லை. 2023 ஏப்ரல் முதல், ஆரம்பத் தொகை 500 டாலருக்குக் கீழே இருந்த மருத்துவக் கலெக்‌ஷன்களை, கட்டாவிட்டாலும் காட்டுவதில்லை. ஆஸ்பத்திரி பில், லேப் பில், ஆம்புலன்ஸ் பில் எதுவானாலும் கட்டிவிட்டீர்கள் என்றால், "இது மருத்துவக் கடன், இன்ன தேதியில் கட்டப்பட்டது, உங்கள் கொள்கைப்படியே நீக்க வேண்டியது" என்று நாலு வரி எழுதினால் போதும். சிக்கல் எங்கே வரும் என்றால், ஏஜென்சி அதை மருத்துவக் கடன் என்று வகைப்படுத்தாமல் சாதாரணக் கடனாக ஏற்றியிருக்கும்போது. அப்போது அசல் ஆஸ்பத்திரி பில்லின் நகலை இணைக்க வேண்டும். மருத்துவக் கடனை மொத்தமாகவே ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க சி.எஃப்.பி.பி. என்ற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. அதே வருடம் ஜூலையில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டு அந்த விதியை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதாதீர்கள். நியூயார்க்கில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு: அந்த மாநிலச் சட்டப்படி, கட்டி முடித்த கலெக்‌ஷன்கள் ஏழுக்குப் பதில் ஐந்து வருடத்தில் போய்விட வேண்டும்.

அபார்ட்மென்ட் பாக்கிக்கு இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது. ஆகவே கடிதத்துக்கு வருவோம்.

முதலில் ஆதாரம். ஏஜென்சி கொடுத்த "பெய்ட் இன் ஃபுல்" கடிதம் இருந்தால் அதுவே ராஜா. இல்லையென்றால் இப்போதே ஏஜென்சிக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். அது வருவதற்குள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஏஜென்சி பெயரும் தொகையும் தேதியும் தெரியும் பக்கத்தை எடுத்து வையுங்கள். மற்ற வரிகளைக் கறுப்படித்துவிடலாம், உங்கள் பெயரும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் தெரிந்தால் போதும். செக் கொடுத்திருந்தால் வங்கித் தளத்தில் செக்கின் இருபுறப் படமும் கிடைக்கும். வங்கிகள் பழைய ஸ்டேட்மென்ட்டுகளைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை, கணக்கை மூடிவிட்டால் ஆன்லைனில் பார்க்கவும் முடியாது. ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். கடைசி பில்லின் நகலும், வீட்டைக் காலி செய்த நோட்டீஸும் தேதிச் சண்டைக்கு உதவும்.

தொகையைக் குறைத்துப் பேசி முடித்திருந்தால், உதாரணமாக 1,140-க்கு 700 கட்டி, "செட்டில்ட்" என்று முடித்திருந்தால், ரிப்போர்ட்டில் "முழுத்தொகைக்குக் குறைவாகக் கட்டப்பட்டது" என்ற குறிப்பு வருவது சரிதான். அதை ஆட்சேபிக்க முடியாது. ஆனால் மீதி 440 பாக்கியாக நின்றால் அது தவறு. தள்ளுபடித் தொகை 600 டாலரோ அதற்கு மேலோ என்றால், கடன் தள்ளுபடியை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வரக்கூடும், அதை வருமானக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

கடிதமா, ஆன்லைனா? பாக்கி பூஜ்யம் ஆக வேண்டும் என்ற ஒற்றை விஷயத்துக்கு ஆன்லைன் போதும், ஆவணத்தை ஏற்ற வசதி இருக்கும் வரை. தேதிப் பிழை, இரட்டைப் பதிவு, ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் என்று போனால் தபால்தான் நல்லது. ஆன்லைன் படிவம் ஒரு பெட்டியை டிக் செய்யச் சொல்லி, நாலு வரிக்குள் விளக்கச் சொல்லும். அதோடு, பீரோக்களின் தளங்களில் உறுப்பினராகச் சேரும்போது ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் மத்தியஸ்தப் பிரிவு ஒளிந்திருக்கக்கூடும். பிற்பாடு வழக்கு என்று வந்தால் அது குறுக்கே நிற்கும்.

தபால் என்றால் சர்ட்டிஃபைடு மெயில், ரிட்டர்ன் ரிசீப்ட்டோடு. முகவரிகள்: ஈக்விஃபாக்ஸ், பி.ஓ. பாக்ஸ் 740256, அட்லாண்டா, ஜார்ஜியா 30374. எக்ஸ்பீரியன், பி.ஓ. பாக்ஸ் 4500, ஆலன், டெக்சஸ் 75013. டிரான்ஸ்யூனியன், பி.ஓ. பாக்ஸ் 2000, செஸ்டர், பென்சில்வேனியா 19016. உங்கள் ரிப்போர்ட்டில் வேறு முகவரி அச்சிட்டிருந்தால் அதற்கே அனுப்புங்கள். பிழை இருக்கும் பீரோவுக்கு மட்டும் அனுப்பினால் போதும். கணக்கே இல்லாத மூன்றாவது பீரோவுக்கு எழுதுவது தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே முழுப் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இப்போதைய முகவரி, கடந்த இரண்டு வருட முகவரிகள். ரிப்போர்ட் எண். ஏஜென்சி பெயர், ரிப்போர்ட்டில் காட்டும் கணக்கு எண். உடல் பகுதி ஆங்கிலத்தில் இந்த அர்த்தத்தில் இருக்கட்டும்:

"மேலே குறிப்பிட்ட கலெக்‌ஷன் கணக்கில் இரண்டு தகவல்கள் தவறானவை. ஒன்று, பாக்கி 1,140 டாலர் என்று காட்டுகிறது. முழுத்தொகையும் 2023 மார்ச்சில் கட்டப்பட்டது. ஏஜென்சியின் ரசீதும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இணைப்பு 1, 2. சரியான பாக்கி பூஜ்யம், சரியான நிலை 'முழுதும் கட்டப்பட்டது'. இரண்டு, முதல் தவணை தவறிய தேதி பிப்ரவரி 2022 என்று காட்டுகிறது. வீட்டு நிர்வாகத்தின் பில்லில் கெடு ஜூன் 2021, இணைப்பு 3. இந்த இரண்டையும் விசாரித்துத் திருத்துங்கள். சரிபார்க்க முடியாவிட்டால் கணக்கை நீக்குங்கள். முடிவையும் திருத்திய ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள்."

இவ்வளவுதான். சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம், குடும்பக் கஷ்டம் சொல்ல வேண்டாம். எது தவறு, எது சரி, எதைக் கொண்டு சொல்கிறீர்கள் என்ற மூன்றும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, தவறான வரியை வட்டமிட்டு இணையுங்கள். டிரைவிங் லைசென்ஸ் நகல் ஒன்று, முகவரிக்கு மின்சார பில் ஒன்று. அசல் எதையும் அனுப்பாதீர்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒரு இடத்தில், முதல் பெயராக இன்னொரு இடத்தில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்ததால் விசாவில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஒட்டிக்கொண்டது மற்றொரு இடத்தில். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வடிவம், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு வடிவம் என்றால் உங்கள் கடிதத்தை உங்கள் ஃபைலோடு பொருத்த முடியாமல், அடையாளம் உறுதிப்படவில்லை என்று பீரோ திருப்பி அனுப்பும். கடிதத்தின் மேலே சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி பெயரை எழுதி, கீழே "இந்த வடிவங்களிலும் என் பெயர் பதிவாகியிருக்கிறது" என்று மற்றவற்றைக் குறிப்பிடுங்கள். ரிப்போர்ட்டின் தனிநபர் விவரப் பகுதியில் நீங்கள் ஒருபோதும் வசிக்காத முகவரியோ, கேள்விப்படாத பெயர் வடிவமோ இருந்தால், அதே பெயருள்ள இன்னொருவரின் ஃபைல் உங்களுடையதோடு கலந்திருக்கக்கூடும். அதைத் தனிக் கடிதமாக முதலில் சரிசெய்யுங்கள்.

பீரோவுக்கு அனுப்பும் அன்றே அதே கடிதத்தின் நகலை ஏஜென்சிக்கும் நேரடியாக அனுப்பலாம். அவர்களுக்கும் விசாரிக்கும் கடமை உண்டு. ஆனால் ஏஜென்சிக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். பீரோ வழியாக ஆட்சேபம் போனால்தான், ஏஜென்சி ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று பிற்பாடு நீங்கள் வழக்குப் போட முடியும். நேரடிக் கடிதத்துக்கு அந்த உரிமை கிடையாது. பலரும் தவறவிடும் இடம் இது.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதச் சொல்கிறேன் என்று புரியும். பீரோ ஊழியர் உங்கள் கடிதத்தை ஒரு எண் குறியீடாகச் சுருக்குவார்: "பாக்கியை ஆட்சேபிக்கிறார்", "தன்னுடையதல்ல என்கிறார்" என்பது போல ஒன்றிரண்டு குறியீடுகள். அது ஈ-ஆஸ்கார் என்ற பொது அமைப்பின் வழியே ஏ.சி.டி.வி. என்ற மின்படிவமாக, ஐந்து வேலை நாளுக்குள் ஏஜென்சிக்குப் போக வேண்டும். உங்கள் ஆவணங்கள் படமாகக் கூடவே போகும். ஏஜென்சி ஊழியர் தன் கணினியில் உள்ளதை உங்கள் ஃபைலோடு ஒப்பிட்டு, சரி, திருத்து, அழி என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மூன்று பக்கக் கோபக் கடிதம் எழுதினால் அதிலிருந்து தவறான குறியீட்டை எடுக்க வாய்ப்பு அதிகம். "இந்தக் கடன் என்னுடையதே இல்லை, தவிர கட்டிவிட்டேன், தவிர தேதி தவறு" என்று எழுதினால் அவர் முதல் வரியைக் குறியீடாக்குவார். ஏஜென்சி உங்கள் பெயர், எண் சரி என்று பார்த்து "சரிபார்த்தோம்" என்று அனுப்பிவிடும். தேதியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான், உங்களுடைய கடனை "என்னுடையதல்ல" என்று எழுதச் சொல்லும் வார்ப்புக் கடிதங்களைத் தொடாதீர்கள். பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காரியத்துக்கே கேடு. கடன் உண்மையா என்று நிரூபிக்கக் கேட்கும் வேலிடேஷன் கடிதமும் இப்போது பயன்படாது. அது கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தின் கீழ், ஏஜென்சியின் அறிவிப்பு கைக்கு வந்து 30 நாளுக்குள் கேட்க வேண்டியது. பணம் கட்டிய பிறகு வசூலிக்க எதுவும் மிச்சமில்லை, நிறுத்தி வைக்கவும் எதுவும் இல்லை.

பீரோவுக்கு 30 நாள் கெடு. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் தளத்தின் இலவச ரிப்போர்ட்டைப் பார்த்து ஆட்சேபித்தால் 45 நாள். இடையில் நீங்கள் கூடுதல் ஆவணம் அனுப்பினாலும் 15 நாள் கூடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். முடிந்து ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் முடிவு வர வேண்டும். கெடுவுக்குள் ஏஜென்சி பதில் தரவில்லை என்றால் பீரோ அந்தத் தகவலை நீக்கவோ திருத்தவோ வேண்டும். கட்டி முடித்த பழைய கணக்குகளில் இது சில சமயம் நடக்கிறது, ஏனென்றால் வரவு எதுவும் இல்லாத கணக்குக்கு ஆள் போட்டுப் பதில் சொல்ல ஏஜென்சிக்கு ஆர்வம் குறைவு. இதை நம்பித் திட்டம் போடக் கூடாது, நடந்தால் லாபம். அப்படி நீங்கிய கணக்கு மறுபடி முளைத்தால், தகவல் சரியானது என்று ஏஜென்சி சான்றளித்திருக்க வேண்டும், பீரோ ஐந்து வேலை நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் நுழைந்திருந்தால் அதுவே தனி மீறல்.

"சரிபார்க்கப்பட்டது" என்று வந்தால்? எப்படிச் சரிபார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று விவரம் கேட்டு எழுதுங்கள். 15 நாளில் தர வேண்டும். பதில் மேலோட்டமாகத்தான் வரும், ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். அதே கடிதத்தை அப்படியே மறுபடி அனுப்பாதீர்கள், அற்பமானது என்று ஒதுக்க பீரோவுக்கு உரிமை உண்டு. புதிய ஆவணம் ஒன்றாவது சேர வேண்டும். "பெய்ட் இன் ஃபுல்" கடிதத்தை முதலில் வாங்கவில்லை என்றால் இப்போது அதுதான் புதிய ஆவணம். அடுத்து சி.எஃப்.பி.பி. தளத்தில் பீரோ மீதும் ஏஜென்சி மீதும் தனித்தனியாகப் புகார். பீரோவிடம் ஆட்சேபித்துக் கெடு முடிந்த பிறகே அங்கே போக வேண்டும். புகாரில் பழைய ஆட்சேபத்தின் தேதி, அதன் முடிவு, இணைப்புகள் எல்லாம் இருக்கட்டும்.

அப்போதும் அசையவில்லை, கையில் ரசீது இருக்கிறது என்றால் வக்கீலைப் பார்க்கத் தயங்க வேண்டாம். வேண்டுமென்றே மீறியது நிரூபணமானால், நஷ்டத்தைக் காட்டாமலேயே 100 முதல் 1,000 டாலர் வரை சட்டம் தருகிறது. ஜெயித்தால் வக்கீல் செலவும் எதிராளி தலையில். அதனால் இந்தத் துறை வக்கீல்கள் பலர் முன்பணம் வாங்குவதில்லை. காலவரம்பு, மீறல் உங்களுக்குத் தெரிந்து இரண்டு வருடம், நடந்து ஐந்து வருடம், இதில் எது முந்தியதோ அது. இதற்கு மாறாக, முன்பணம் கேட்கும் கிரெடிட் ரிப்பேர் கம்பெனிகளை அண்ட வேண்டாம். வேலை முடியும் முன் பணம் வாங்குவதே 1996-ம் வருடச் சட்டப்படி சட்டவிரோதம். அவர்கள் ஏஜென்சிக்கு நேரடியாக அனுப்பும் கடிதங்களை ஏஜென்சி விசாரிக்கத் தேவையும் இல்லை.

ஒருவேளை, அந்த 1,140 டாலரே அநியாயம், டெபாசிட்டைக் கழிக்காமல் பில் போட்டார்கள் என்பது உங்கள் வாதமாக இருந்தால், பீரோவிடம் அது எடுபடாது. ஒப்பந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. டெக்சஸில் வீட்டுக்காரர் 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பவோ கழிவு விவரம் தரவோ வேண்டும். அந்த வழக்குக்கு இடம் 20,000 டாலர் வரை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட். அங்கே தீர்ப்பு வாங்கினால் அந்தக் காகிதம் பீரோவிடம் செல்லும்.

எல்லாத் தகவலும் சரியாகவே இருந்தால் மிச்சம் இருப்பது வேண்டுகோள். இதற்கு குட்வில் கடிதம் என்பார்கள். ஏஜென்சிக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் எழுதுங்கள்; நிர்வாகம் "இந்தக் கணக்கைத் திரும்பப் பெறுகிறோம்" என்று ஏஜென்சிக்கு ஒரு வரி அனுப்பினால் பதிவை அழிக்கச் சொல்ல அவர்களால் முடியும். இங்கே தொனி வேறு: ஆட்சேபம் வேண்டாம், என்ன நடந்தது, எப்போது கட்டினேன், வீட்டுக் கடனுக்காகக் கேட்கிறேன் என்று சுருக்கமாகப் பணிவாகச் சொல்லலாம். மறுத்தால் இரண்டு மூன்று மாதம் விட்டு வேறு அதிகாரிக்கு எழுதலாம். "பணம் தருகிறேன், பதிவை அழியுங்கள்" என்ற பேரம் கட்டும் முன்பே பேசி எழுத்தில் வாங்க வேண்டியது. உங்களுக்கு அந்த வண்டி போய்விட்டது.

வீட்டுக் கடனுக்கு இதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்பது எந்த ஸ்கோர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபைகோ, வான்டேஜ்ஸ்கோர் இரண்டும் கிரெடிட் ஸ்கோர் கணக்கிடும் முறைகள், ஒவ்வொன்றிலும் பல பதிப்புகள் உண்டு. ஃபைகோ 9, ஃபைகோ 10, வான்டேஜ்ஸ்கோர் 3.0, 4.0 ஆகியவை கட்டி முடித்த கலெக்‌ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கிரெடிட் கார்டு கம்பெனிகள் பரவலாகப் பார்க்கும் ஃபைகோ 8, ஆரம்பத் தொகை 100 டாலருக்குக் கீழே இருந்தால் விட்டுவிடும். அதற்கு மேலே போனால் கட்டியதும் கட்டாததும் அதற்கு ஒன்றுதான். வீட்டுக் கடனில் நெடுங்காலமாகப் புழங்குவது இன்னும் பழைய ஃபைகோ 2, 4, 5. கட்டி முடித்த பாக்கியும் அங்கே ஸ்கோரைக் குறைக்கும். ஆகவே செயலியில் 760 காட்டுகிறது என்று மகிழ்ந்து போய், கடன் அதிகாரி 710 என்று சொல்லும்போது அதிர்ச்சி அடையாதீர்கள். பாக்கி பூஜ்யமாவதால் பழைய ஸ்கோர் பெரிதாக ஏறாமல் போகலாம், ஆனால் கட்டாத கலெக்‌ஷன் ரிப்போர்ட்டில் தெரிந்தால் கடன் அதிகாரி விளக்கம் கேட்பார், சில கடன்களில் கட்டிவிட்டு வா என்பார். கட்டியதை மறுபடி கட்டாமல் இருக்கவாவது அந்தப் பூஜ்யம் வேண்டும்.

கடைசியாக நேரம். ஆட்சேபம் நடக்கும்போது அந்தக் கணக்கின் மேல் "நுகர்வோர் ஆட்சேபிக்கிறார்" என்ற குறிப்பு ஏறும். அந்தக் குறிப்போடு வீட்டுக் கடனுக்குப் போனால், விண்ணப்பத்தை அலசி முடிவு சொல்லும் அண்டர்ரைட்டர் நிறுத்தி வைப்பார், ஏனென்றால் ஆட்சேபத்தில் உள்ள கணக்கை ஸ்கோர் முழுமையாக எண்ணியிருக்காது. விசாரணை முடிந்த பிறகும் இந்தக் குறிப்பு சில சமயம் அப்படியே தங்கிவிடும். முடிவு வந்ததும் ரிப்போர்ட்டை மறுபடி இறக்கிப் பாருங்கள். குறிப்பு இருந்தால் ஏஜென்சிக்கும் பீரோவுக்கும் "இனி ஆட்சேபம் இல்லை, குறிப்பை எடுங்கள்" என்று எழுதுங்கள். இரண்டு சுற்று ஆட்சேபத்துக்கு மூன்று மாதம், குறிப்பை எடுக்க ஒரு மாதம் என்று வைத்தால், கடன் விண்ணப்பத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே முதல் கடிதம் போயிருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் பிழை கண்ணில் பட்டது என்றால் நீங்களாக டிஸ்ப்யூட் போடாமல் கடன் அதிகாரியிடம் ரசீதைக் கொடுத்து ரேப்பிட் ரீஸ்கோர், அதாவது ஸ்கோரை விரைவாகத் திருத்திக் கணக்கிடுவது, கேளுங்கள். அது கடன் கொடுப்பவர் வழியாக மட்டுமே நடக்கும், சில நாளில் திருத்தம் ஏறிவிடும்.